நீல மணியைத் தேடும் நேரம்

வாருங்கள் கண்ணுகளா, கிட்டே வாருங்கள். கதவோரம் நிற்கிறவளே, நீயும்தான்; அங்கே நின்றால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். இன்றைக்கு ராஜா ராணி கதை இல்லை. பெட்டிக்குள் அடைத்த ஒரு ஊரை நாடெல்லாம் அனுப்பவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருத்தி, அதற்காக ஒரு மத்தியானம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த கதை. அவளைத் தெரிந்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். நீங்கள் என் முகத்துக்காகவாவது நம்புங்கள்.

அவளை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குடை அலுவலகத்தில் கிடக்கிறது என்று நாள் முழுக்க யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் தன் சொந்தச் சரக்கை அவிழ்ப்பாள் பாருங்கள், அப்புறம் யாரும் குறுக்கே புக முடியாது. அவள் வீட்டுக்காரர் பாவம், வாயைத் திறப்பதே கொட்டாவி விடுவதற்குத்தான்.

இந்த வாயிலிருந்துதான் 'மிதவை' பிறந்தது. அது ஒரு விளையாட்டு. பெரிய தெப்பத்தின்மேல் கட்டிய ஊர் ஒன்று ஆற்றோடு மிதந்துகொண்டே போகிறது. மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஒருத்தர் கயிறு திரிப்பவர், ஒருத்தர் விளக்குக் காப்பவர், ஒருத்தர் திருடர். ஒரே ஒருத்தர் மட்டும் ஊர்க்காரர் இல்லை. அவருக்குப் பெயர் துடுப்பு. வழியில் என்ன வருகிறது என்று சொல்வது அவர். சுழல் வருது, என்ன செய்யறீங்க என்று துடுப்பு கேட்கும். இன்னது செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டவேண்டும். நன்றாக விழுந்தால் நினைத்தது நடக்கும். மோசமாக விழுந்தால், அதாவது பகடை கவிழ்ந்தால், தண்ணி ஏறுகிறது என்று அர்த்தம். ஊர்ப் படத்தின்மேல் துடுப்பு ஒரு நீல மணியை வைக்கும். மணி நிறைந்தால் ஊர் முழுகிப் போகும். விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் ஒரு தடவை உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனசில்லாமல் எழுந்திருப்பார்கள்.

துடுப்பு எப்போதும் ரேடியோதான். திருடி அவள் மாமியார். நிஜ வாழ்க்கையில் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைக்குக்கூடக் கேட்டுவிட்டுக் கைவைக்கிற மனுஷி, அந்த மேசையில் உட்கார்ந்தால் ஊர்த் தலைவரின் பல்செட்டைத் திருடுவாள். படம் வரைகிறவள் நாத்தனார். விளம்பரப் பலகை எழுதும் கடையில் வேலை பார்த்தவள். முப்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான்.

விளையாட்டைப் பெட்டியாகப் போட்டு விற்கலாம் என்று முதலில் சொன்னது பாப்பா. சொன்னதோடு நிற்கவில்லை. பலகைக் கடை வேலையை விட்டாள், எழுத்துப் பாணி ஒன்று உருவாக்கினாள், ஆற்றின் நீலத்தை அச்சகக்காரரோடு சண்டை போட்டுப் போட்டுச் சரியாக்கினாள். புத்தகத்தை எழுதிய விதம்தான் விசேஷம். ரேடியோ விளையாட்டு நடத்தும்போதெல்லாம் பக்கத்தில் கைபேசியை வைத்துக் குரலைப் பதிவு செய்துகொண்டாள். அப்புறம் கேட்டுக் கேட்டு, அண்ணி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்தாள். 'தண்ணி ஏறும் விதங்கள்' என்று நடுவில் ஒரு அத்தியாயம். எந்தப் பகடைக்கு என்ன கேடு வரும் என்று ரேடியோவின் வாயில் வந்த அத்தனை கேடுகளும் அதில் இருந்தன. மீன் கூட்டம் நங்கூரத்தைத் தின்பது, கூரை ஓடுகள் சிறகு முளைத்துப் பறப்பது என்று படிக்கிறவர்கள் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள்.

தெரிந்தவர்கள் வாங்கினார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் வாங்கினார்கள். அப்புறம் தொலைபேசி வரும். பெட்டி வாங்கிட்டோம் அக்கா, எப்ப வந்து நடத்திக் குடுப்பீங்க என்பார்கள். ரேடியோவுக்கு அது கேட்கக் கேட்கக் காதில் தேன். பாப்பா மட்டும் ஒவ்வொரு அழைப்பையும் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் சொல்லியேவிட்டாள்.

"அண்ணி, வாங்கினவங்க யாரும் பெட்டியைப் பிரிக்கவே இல்ல. உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. இப்படியே போனா ஒவ்வொரு பெட்டியோடயும் உங்களையும் மடிச்சு வெச்சுத்தான் அனுப்பணும்."

"மடிச்சா நான் அடங்குவேனா?" என்று ரேடியோ சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாழ்நாளில் தானாக உண்டாக்கிய ஒரே பொருள் இந்த ஊர். அது தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தாண்டாது என்றால், பாப்பா எதற்கு வேலையை விட்டாள்?

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டுப் பொருள் கண்காட்சி வந்தது. பெரிய கூடம், வரிசை வரிசையாகக் கடைகள், தலைக்குமேல் தொங்கும் பலூன்கள், எங்கே பார்த்தாலும் பகடை உருளும் சத்தம். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் விளையாட்டுக் கடை ஒன்றின் கொள்முதல் மேலாளர் அம்மாவும் வந்திருந்தார். எல்லாரும் மேடம் என்றார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல், அவசரமே இல்லாமல் நடப்பவர். அவர் சரி என்றால் அத்தனை கிளையிலும் அலமாரியில் இடம். வேண்டாம் என்றால் மறுபடி அவரைப் பிடிக்க அடுத்த கண்காட்சிவரை தவம் கிடக்கவேண்டும். அதுவரை தாக்குப்பிடிக்கப் பாப்பாவால் முடியாது, பலகைக் கடைக்கே திரும்பவேண்டியதுதான்.

மேடம் இவர்கள் போட்டிருந்த கடைக்கு வந்து மிதவைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலத்தைத் தடவினார். ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். ஆறு எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து எடுத்து விட்டாள். மேடம் கடைசிவரை கேட்டார், பொய் சொல்லக் கூடாது, ரசித்தே கேட்டார். அப்புறம் சொன்னார்:

"நீங்க பிரமாதமாப் பேசறீங்க. ஆனா என் கடை அலமாரியில நீங்க உட்கார மாட்டீங்க, இந்தப் பெட்டிதான் உட்காரும். இதை முன்னப்பின்ன பார்க்காத நாலஞ்சு பேரை நானே கூட்டிட்டு வரேன். அவங்களே படிச்சு, அவங்களே விளையாடட்டும். பெட்டி பேசணும். நீங்க பேசக் கூடாது."

"ஒரு வார்த்தைகூடவா?" என்றாள் ரேடியோ.

"இருமக்கூடக் கூடாது."

பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார், தான் இதைச் செய்தவள் இல்லையென்றும் வெறும் திருடிதான் என்றும், ஆகவே தான் பேசலாமா என்றும் கேட்டுப் பார்த்தாள். மேடம் அவளுக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டார்.

கூட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு லாரி ஓட்டுநர், ஒரு நர்ஸ், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அப்புறம் விளையாட்டில் ஒரு ஆசையும் இல்லாமல், கால் வலிக்கிறது உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று வந்த ஒரு பெரியவர். ஓட்டுநர் தைரியமாகப் புத்தகத்தைக் கையில் எடுத்தார், அவர்தான் துடுப்பு. ரேடியோவும் பாப்பாவும் சுவரோரம் இரண்டு முக்காலியில். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஊர்ப் படத்தை விரித்ததும் நர்ஸ் ஆசையாகக் குனிந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தாள். தான் கயிறு திரிப்பவள் என்றாள். பெரியவருக்கு விளக்குக் காப்பவர் வேலை. உட்கார்ந்தே செய்கிற வேலையா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். ஓட்டுநர் சுழலைப் பற்றிப் படித்தார். நர்ஸ் கயிற்றை வீசுவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினாள். மோசமாக விழுந்தது.

பெட்டிக்குள் பாப்பா அழகான தட்டு ஒன்று வைத்திருந்தாள். ஒவ்வொரு நீல மணிக்கும் ஒரு குழி. ஓட்டுநர் சட்டென்று ஒரு மணியை எடுத்துப் படத்தில் வைத்தார், நடுப்பக்கத்தைப் புரட்டினார், வாசித்தார். "உன் கயிறு நீரில் விழுந்தது. பசித்த மீன்கள் அதைப் பந்தி வைத்து உண்டன." வாசித்து முடித்துவிட்டு, அடுத்தவர் யாரு என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ வீட்டில் அந்த வரியைச் சொன்னபோது மாமியார் புரையேறி இருமியிருக்கிறாள். இங்கே யார் முகத்திலும் ஈயாடவில்லை. அடுத்த மணியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். புது மாப்பிள்ளை மேசைக்கடியில் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தான். பெரியவர் கண்ணை மூடிவிட்டார். மேடத்தின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

ஓட்டுநர் மேல் குற்றமில்லை கண்ணுகளா. அவர் நன்றாகவே வாசித்தார். ஆனால் அந்தக் குரல் ரேடியோவுக்குத் தெரிந்த குரல். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற குரல். மேடை மாற்றத்தை அறிவிக்கும்போது நாள்தோறும் அவள் வாயிலிருந்தே வருகிற குரல். தன் வார்த்தைகளைக் கொடுத்து, தங்கமான ஒரு மனுஷனைத் தானே பேருந்து நிலையத்தில் உட்காரவைத்துவிட்டோமே என்று அவளுக்குச் சுருக்கென்றது.

பேச வழியில்லாதவள் என்ன செய்வாள், பார்த்தாள். அப்படிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நர்ஸுக்கு மறுபடி பகடை கவிழ்ந்தது. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மணி விழுந்தது, வாசிப்பும் ஆரம்பித்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ரேடியோ முக்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடக்கும்? வீட்டில் மணிகள் தட்டில் இருந்ததில்லை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் பொத்தானோடும் ஊக்கோடும் நூல்கண்டோடும் கிடக்கும். பகடை கவிழ்ந்ததும் ரேடியோ டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவுவாள். கொஞ்சத்தில் கிடைக்காது. அவள் வாய் ஓய்கிற ஒரே நேரம் அதுதான். அந்தச் சின்ன இடைவெளியில் மாமியார் புகுந்து, அது ஏன்னா என் பைக்குள்ள பல்செட்டு இருந்துச்சா, அது கடிச்சிருச்சு என்பாள். ரேடியோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவாள். மீன் பந்தி வைத்த கதைகூட வீட்டுக்காரர் கொட்டாவியின் நடுவே போட்ட ஒரு வார்த்தையிலிருந்துதான் கிளைத்தது. பதிவில் அந்த இடத்தில் வெறும் டப்பாச் சத்தம். பாப்பா அதை வெட்டிவிட்டாள். யார்தான் வெட்டமாட்டார்கள்?

மேடம் தேநீருக்கு இடைவேளை விட்டார். ரேடியோ பெட்டியையும் புத்தகத்தையும் அள்ளிக்கொண்டு, பாப்பாவின் கையைப் பிடித்துக் கடையின் பின்திரைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்; மாமியாரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கிசுகிசுத்தாள். வாயைத் திறந்து வெகு நேரமாயிற்றே, வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"இப்ப என்ன அண்ணி பண்றது? பேசக் கூடாதே."

"பேசக் கூடாது. பெட்டி பேசலாம் இல்ல? உன் பென்சில் பையைக் குடு."

நாத்தனாரின் துணிப்பையில் பென்சில் துண்டுகள், ரப்பர், கிளிப், காய்ந்துபோன பேனாக்கள். ரேடியோ நீல மணிகளை எல்லாம் அதற்குள் கொட்டிக் குலுக்கினாள். தட்டைத் தூக்கி மாமியார் மடியில் போட்டாள். அப்புறம் புத்தகத்தை நடுவில் பிரித்து, முதுகில் குத்தியிருந்த பின்களை நகத்தால் நிமிர்த்த ஆரம்பித்தாள்.

பாப்பாவுக்குப் புரிந்தபோது முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, அது 'தண்ணி ஏறும் விதங்கள்'. அதுதான் புத்தகமே. படிச்சவங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க."

"படிக்கத்தான் நல்லா இருக்குடி. விளையாட விடல."

சொன்னாளே தவிர, அவள் விரல் ஒரு நொடி நின்றது. தன் பெயர் போட்டு அச்சான வார்த்தைகள். கூரை ஓடுகள் சிறகு முளைத்துப் பறக்கிற பக்கம் மேலாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு தரம் பார்த்துவிட்டு, அத்தியாயத்தையே அலாக்காக உருவி எடுத்தாள். ஒரு வெள்ளைத் தாளை மடித்து அந்த இடத்தில் செருகினாள். அதில் பாப்பாவின் தூரிகைப் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினாள்:

"பகடை கவிழ்ந்ததா? பைக்குள் கைவிட்டு நீல மணியைத் தேடு. வாயை மூடிக்கொண்டு தேடு. ஏன் இப்படி ஆயிற்று என்று எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை மணி கிடைக்கக் கூடாது."

திரையை விலக்கினால் மேடம் அங்கேயே நிற்கிறார், கையில் தேநீரோடு. மாமியார் மடியில் தட்டு, தரையில் உருவிய பக்கங்கள். என்ன பண்றீங்க என்று கேட்டார். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், கையை விரித்தாள். ஊமைக் கூத்து பார்க்கிற மாதிரி மேடம் பார்த்தார். கடைசியில், பெட்டிக்குள்ள இருக்கறது உங்க இஷ்டம், சத்தம் மட்டும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஓட்டுநர் புதுத் தாளை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். இருட்டில் பாறை வருகிறது என்றார். பெரியவர் விளக்கை உயர்த்திப் பிடிப்பதாகச் சொல்லி வேண்டாவெறுப்பாய் உருட்டினார். கவிழ்ந்தது.

ஓட்டுநர் பைக்குள் கையை விட்டார். பென்சில் வந்தது. திரும்பப் போட்டார். ரப்பர் வந்தது. யாரும் பேசவில்லை. கூடத்தின் இரைச்சல் எல்லாம் எங்கேயோ போய்விட்டதுபோல இருந்தது. ரேடியோவின் நாக்கு நுனியில் இருந்த கேடுகளை எல்லாம் அவள் பல்லைக் கடித்து விழுங்கினாள். பாப்பாவின் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்தது. புது மாப்பிள்ளையின் கை மேசைக்கடியில் கைபேசியைத் தேடிப் போனது. கிளிப் வந்தது. அதையும் போட்டார்.

"அது வந்து..." என்றார் பெரியவர்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"விளக்கு தானா அணையல. நான்தான் ஊதி அணைச்சேன்."

"ஏன்?" என்றாள் நர்ஸ்.

"கரையில என் பொண்டாட்டி நிக்கறா. சொல்லாம கொள்ளாம தெப்பம் ஏறிட்டேன். வெளிச்சத்துல பார்த்துட்டான்னா நீந்தியே வந்துருவா."

நர்ஸ் சிரித்த சிரிப்பில் தேநீர்க் குவளை ஆடியது. புது மாப்பிள்ளையின் கை மேலே வந்தது. அடுத்த பகடை அவன் மனைவிக்கு, அதுவும் கவிழ்ந்தது. ஓட்டுநரின் கை பைக்குள் போன உடனேயே அவள் ஆரம்பித்தாள். கரையில் நிற்கிற அந்த அம்மாவுக்குத் தெப்பம் போகிற வழியைக் கடிதம் போட்டுச் சொன்னதே தான்தானாம். துரோகி என்றார் பெரியவர், எழுந்து நின்றுகொண்டு. கால் வலி எங்கே போனதோ. நர்ஸ் தன் கயிற்றில் முடிச்சே போட்டதில்லை என்றும், இத்தனை காலம் ஊரை ஏமாற்றி வந்ததாகவும் ஒப்புக்கொண்டாள். ஓட்டுநருக்கு இப்போது புத்தகம் தேவைப்படவில்லை. கண்ணில் ஒளி ஏறிவிட்டது. ஒரு கையால் பையைத் துழாவிக்கொண்டே, "இருங்க, மணி இன்னும் கிடைக்கல, நீங்க சொல்லுங்க" என்று ஒவ்வொருவரையும் இழுத்தார். பாறையைச் சுற்றித் தெப்பத்தைத் திருப்பும்போது லாரியைத் திருப்புவதுபோலவே இரண்டு கையையும் சுழற்றினார்.

போகிறவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் நெருங்கினார்கள். மாமியார் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு குலுங்கினாள். கரையில் நின்ற பெண்டாட்டி கடைசியில் நீந்தியே வந்து சேர்ந்து, முழுக இருந்த ஊரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியபோது, வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டியது கூடத்தின் மறுகோடிவரை கேட்டது. ரேடியோவின் ஊரில் இப்படி ஒரு பெண்டாட்டி இருந்ததே ரேடியோவுக்குத் தெரியாது. அவள் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் இல்லாமல்.

மேடம் வளைத்துப் பேசுகிறவர் இல்லை. தட்டு வேண்டாம், பை போடுங்கள், அந்தத் தாள் கையெழுத்தாகவே எல்லாப் பெட்டியிலும் இருக்கட்டும், எல்லாக் கிளைக்கும் வேண்டும், எப்போது தருவீர்கள் என்று கேட்டார். பாப்பா அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இனிமே நீங்க பேசலாம் என்றார் மேடம் ரேடியோவைப் பார்த்து. அத்தனை நேரம் அடைத்துவைத்திருந்த வாய், அணை உடைந்ததுபோல் கொட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? "சரிங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

மேசையில் அடுத்த ஆட்டத்துக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நகருவதாக இல்லை. வீட்டிலிருக்கும் தன் பெண்டாட்டிக்குத் தொலைபேசியில், வர நேரமாகும், நடு ஆத்துல இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோ மெதுவாக மேசையருகே போனாள்.

"ஒரு இடம் இருக்குங்களா?"

"உட்காருங்கம்மா. ஊர்ல நீங்க யாரு?"

அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். அவளை ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த ஊரை உண்டாக்கியவள் அதில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. யோசித்தாள். வெட்கமாகக்கூட இருந்தது. இன்றைக்குத்தான் கரையிலிருந்து ஏறினேன், இன்னும் வேலை ஒன்றும் இல்லை என்றாள். புதுசா, பரவாயில்லை, பழகிடும் என்று தேற்றினார் ஓட்டுநர். அலை ஒன்று எழும்பி வருகிறது என்றார். அவள் பகடையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குலுக்கி உருட்டினாள்.

கவிழ்ந்தது. ஓட்டுநர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பைக்குள் கையை விட்டார். பாப்பாவும் மாமியாரும் இரண்டு பக்கமும் வந்து நெருக்கியடித்துக் குனிந்தார்கள். மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ரேடியோ வாயைத் திறந்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அது அந்த மேசையில் இருந்தவர்களுக்கு.

நல்லது கண்ணுகளா, பொழுதாயிற்று, எழுந்திருங்கள். உங்கள் வீடு எப்போதும் நாற்காலி போதாத வீடாக இருக்கட்டும். வருகிறவர்கள் ஒண்டி உட்கார்ந்து, ஒருத்தர் பேச்சை ஒருத்தர் பிடுங்கி, சிரிப்பு வாசல் தாண்டித் தெருவுக்குக் கேட்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பகடை கவிழ்கிற நாளிலும் எதிரில் ஒரு அன்பான முகம் காத்திருக்கட்டும். நன்றாயிருங்கள்.